"ராணுவ வில்லீஸ்" என்று தரகர் காட்டும் பழைய ஜீப்பை வாழைத்தோட்டத்துக்கு வாங்கலாமா?

நம்பியாற்றங்கரை எழுதியது:

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர் வாழைத்தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டம் வரை சுமார் 2 கிலோமீட்டர் வண்டித்தடம். இடையில் ஒரே ஓடையை இரண்டு இடங்களில் கடக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மோட்டார் சைக்கிளிலேயே போய்வந்துவிடலாம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தடம் முழுவதும் களியாகி, உரமூட்டையானாலும் ஆட்களானாலும் வாடகை டிராக்டரைத்தான் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. வாழைத்தார் வெட்டிய அன்று டிராக்டர்காரர் வேறு ஊருக்குப் போயிருந்தால், அன்றைக்குச் சந்தையில் நின்ற விலை மறுநாள் நமக்குக் கிடைப்பதில்லை.

அதனால் பழைய ஜீப் ஒன்று வாங்கலாம் என்று தேடியபோது, நாங்குநேரிப் பக்கத்துத் தரகர் ஒருவர் ஒரு வண்டியைக் காட்டினார். ராணுவப் பச்சை வண்ணம், பானட்டில் வெள்ளை நட்சத்திரம், அகலமான புது டயர்கள். "ராணுவத்தில் ஓடிய அசல் வில்லீஸ், அமெரிக்க எஞ்சின்" என்று சொல்லி 3,40,000 ரூபாய் கேட்கிறார். ஆர்.சி. புத்தகத்திலோ மஹிந்திரா எம்எம் 540, டீசல், 1992 என்று இருக்கிறது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய லீவர்கள் இருக்கின்றன. நாற்கரச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது 60ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும்படி உதறியது. கேட்டதற்கு "ஜீப் என்றால் அப்படித்தான்" என்று பதில் வந்தது.

என் தாத்தா எந்த ஜீப்பைப் பார்த்தாலும் வில்லீஸ் என்றே சொல்லுவார். எனவே தரகர் சொல்வதில் எது உண்மை, எது கதை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இந்த வண்டியின் பூர்வீகம் தெரிந்தவர்களும், நம் பக்கத்து மண்ணில் ஜீப் வைத்து ஓட்டியவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும். கடன் வாங்கி, மஹிந்திரா இப்போது விற்கும் "தார்" என்ற புதிய ஜீப்பையே எடுத்துவிடு என்று மைத்துனர் சொல்கிறார். அதைப் பற்றியும் எழுதுங்கள்.

சேரன்மகாதேவிப் பட்டறை எழுதியது:

தம்பி, ஜீப்பின் வரலாறு தெரிந்திருந்தால் வண்டிக்கு அடியில் படுக்கும்போது எதைத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஆகவே கதையிலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940இல் அமெரிக்க ராணுவம் கால் டன் சுமக்கும் சிறிய வேவு வண்டி ஒன்று வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. 49 நாளில் மாதிரி வண்டி வந்து நிற்க வேண்டும் என்பது கெடு. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து வரைபடம் போட்டு, அந்தக் கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது பாண்டம் என்ற சிறு நிறுவனம். ஆனால் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும் வசதி அதனிடம் இல்லை என்று ராணுவம் கருதியதால், பெரிய ஆர்டர்கள் வில்லீஸ்-ஓவர்லாண்டுக்கும் ஃபோர்டுக்கும் போய்ச் சேர்ந்தன. பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்கியவள் இன்னொருத்தி என்ற கதைதான். வில்லீஸ் முந்தியதற்கு அதன் எஞ்சின் பெரிய காரணம்: 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். போர் முடிவதற்குள் இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்துவிட்டன.

அந்தப் போர்க்கால வண்டியை அடையாளம் காண்பது எளிது. பானட் தாழ்வாக இருக்கும். முன்பக்கக் கிரில்லில் 9 பிளவுகள் இருக்கும். முகவிளக்குகள் சிறியவையாக, உள்ளடங்கி இருக்கும். போர் முடிந்து பொதுமக்களுக்காக 1945இல் வந்த சிஜே-2ஏ வண்டியிலிருந்து பிளவுகள் 7 ஆகிவிட்டன, விளக்குகளும் பெரிதாகி வெளியே வந்துவிட்டன. ஆகவே முதலில் உங்கள் வண்டியின் மூக்கில் எத்தனை பிளவு என்று எண்ணுங்கள். பச்சை வண்ணமும் நட்சத்திரமும் எந்தப் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும்.

இனி நம் நாட்டுக் கிளை. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து 1945இல் லூதியானாவில் மஹிந்திரா & முகமது என்ற பெயரில் இரும்பு வணிகம் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார். பின்னாளில் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா & மஹிந்திரா ஆயிற்று. வில்லீஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியவர்கள், படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்துகொண்டார்கள்.

அவர்கள் கையில் நிலைத்தது 1953இல் வில்லீஸ் கொண்டுவந்த சிஜே-3பி. அதன் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வால்வு தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வு பிளாக்கின் பக்கவாட்டிலும் இருக்கும். இந்த அமைப்பினால் எஞ்சின் உயர்ந்தது. எஞ்சின் உயர்ந்ததால் பானட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அந்த உயரமான மூக்கு அழகில்லை என்று சொன்னவர்கள் அமெரிக்காவில் உண்டு. 1968இல் சுமார் 1,55,000 வண்டிகளோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். நமக்கோ ஜீப் என்றாலே அந்த உயர்ந்த மூக்குதான். பஞ்சாயத்து யூனியன் ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப், தேர்தலில் ஒலிபெருக்கி கட்டி வந்த ஜீப் என்று நாம் சிறுவயதில் பின்னால் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வம்சம். உங்கள் தாத்தா வில்லீஸ் என்று சொன்னதில் தவறே இல்லை. அவர் காலத்தில் பானட்டின் பக்கவாட்டில் அந்தப் பெயரே பொறித்து வந்தது.

பெட்ரோல் விலை ஏறியபின் டீசல் எஞ்சின்கள் வந்தன. பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்த எக்ஸ்டிபி 4.90 எஞ்சின் அவற்றில் பேர்பெற்றது. பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2,112 சிசி. 1980களில் வந்த எம்எம் 540 வண்டிக்கு உயிர் இந்த எஞ்சின்தான். ஆகவே 1992ஆம் ஆண்டு 540இல் அமெரிக்க எஞ்சின் இருக்க வழியில்லை. அப்படி உண்மையிலேயே ஒரு வில்லீஸ் பெட்ரோல் எஞ்சினைப் பின்னால் யாராவது ஏற்றியிருந்தால், ஆர்.சி.யில் டீசல் என்று இருக்கும்வரை அது உங்களுக்குத் தலைவலிதான். ஒன்று சொல்லட்டுமா, தோட்ட வேலைக்கு அந்த பெஜோ டீசலே நல்லது. டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டிஐ எஞ்சின் அளவுக்கு அதிர்வு இருக்காது, டீசலும் கூடக் குடிக்காது. காலையில் ஹீட்டர் பிளக்கைச் சூடேற்றிய பிறகு உடனே பிடிக்கிறதா என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். பீடி பிடிப்பதுபோல் புகை தள்ளினால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்டியரிங் உதறுவது ஜீப்பின் குணம் என்று சொன்னவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தே சொல்கிறவர். முன் ஆக்சிலின் இரு முனையிலும் உள்ள கிங் பின் பேரிங் தேய்ந்து, டை ராடு முனைகளும் தளர்ந்திருக்கும் வண்டியில், அளவுக்கு மீறி அகலமான டயரை மாட்டினால், ஒரு வேகத்துக்குமேல் சக்கரங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டு ஆடத் தொடங்கும். 540க்குச் சொந்தமான டயர் 6.00-16 அளவுள்ள ஒல்லி டயர். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. செலவு அதிகமில்லை, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லும் அளவுக்கு உண்டு. என் பட்டறைக்கு வரும் ஜீப்புகளில் பாதிக்குமேல் வண்டியின் வயதால் கெட்டவை அல்ல. வாங்கியவர்கள் அழகுக்காகச் செய்த வேலையால் கெட்டவை.

கடைசியாக, அந்த இரண்டு லீவர்களை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒன்று முன் ஆக்சிலுக்கு இழுவையைக் கொடுப்பது, மற்றது வேகம் குறைத்து வலுக்கூட்டுவது. இரண்டும் கைக்குத் தெரியும் கம்பிகள்; அவற்றின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதை அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னோக்கி ஒரு புரொபெல்லர் ஷாஃப்ட் போகிறதா, முன் ஆக்சிலில் குடம்போலப் புடைத்த ஹவுசிங் இருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸில் கமான் பட்டை தொங்கும் இடங்களைச் சிறு சுத்தியால் தட்டுங்கள். துரு தின்ற இரும்பின் சத்தம் காதுக்கே தெரியும்.

காக்காச்சி ஓட்டுநர் எழுதியது:

மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்களில் 28 ஆண்டுகள் ஜீப்பும் டிராக்டரும் ஓட்டியவன் நான். 2024இல் தோட்ட வேலை நின்றபின் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். பட்டறை அண்ணாச்சி இரும்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய ஜீப்பில் முதலில் பழக வேண்டியது பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நனைந்தால் பிடிக்காது, சூடேறினாலும் பிடிக்காது. மலையில் எங்களுக்கு மூத்த ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்தது, எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியவர்களின் வண்டியில் கருகல் வாடை அடிக்கும். இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினையே பிடிமானமாக வைத்தவர்கள் பேசிக்கொண்டே வந்துவிடுவார்கள். உங்கள் ஓடையைக் கடந்தபின்னும் நாலைந்து முறை பிரேக்கை லேசாக மிதித்து டிரம்மைக் காயவைத்துவிட்டு, அதன்பிறகு வேகம் கூட்டுங்கள்.

நான்கு சக்கர இழுவையைக் களியிலும் மணலிலும் சரளையிலும் மட்டும் போட வேண்டும். தார்ச்சாலையில் அதைப் போட்டபடி ஓட்டக் கூடாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. இந்த வண்டியில் இரண்டு ஆக்சிலும் ஒரே வேகத்தில் கட்டப்பட்டிருப்பதால், அந்த வித்தியாசத்தை எங்காவது ஒரு டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். மண்ணில் வழுக்கும். தாரில் வழுக்காது, முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறி, கடைசியில் லீவரைக் கழற்றவே முடியாமல் போகும். அப்படிச் சிக்கிக்கொண்டால் லீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக வந்துவிடும். இது தெரியாமல் லீவரைக் காலால் உதைத்து வளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுகமான வண்டி என்று நினைத்து வாங்காதீர்கள். கமான் பட்டையின் ஒவ்வொரு குதிப்பும் இடுப்புக்குக் கணக்கு எழுதும். ஆனால் இரவு 11 மணிக்கு, மழையில், பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை நாலுமுக்கிலிருந்து கீழே கொண்டுவந்து அம்பாசமுத்திரத்தில் சேர்த்தது இதே பழைய டீசல் ஜீப்தான். பாதி வழியில் டைனமோ வேலை செய்யாமல் போய் விளக்கும் மங்கிவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடியது. பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை பிடித்துவிட்டால் மின்சாரத்தைக் கேட்பதில்லை. டார்ச் விளக்கை ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, வந்து சேர்ந்தோம்.

தேரிமணல் எழுதியது:

திசையன்விளைப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்காக என் சொந்த வண்டியை ஓட்டுகிறேன். 2010இல் வந்த முதல் தலைமுறைத் தார், 2.5 லிட்டர் சிஆர்டிஇ எஞ்சின், 105 குதிரைத்திறன். முன்னால் தனித்தனிச் சக்கரத் தொங்கல், பின்னால் பழையபடி கமான் பட்டை. ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு வழியாகப் போகும்போது துணிக்கூரை படபடவென்று அடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது என்பதைத் தவிர எனக்குக் குறையில்லை. அதையும் குறை என்று சொல்ல மாட்டேன், துணிக்கூரை வண்டியைத் தேடி வாங்கியவன் நான்தான்.

டயரைப் பற்றி மட்டும் ஒரு விஷயம் சேர்க்கிறேன். பட்டறை அண்ணாச்சி ஒல்லி டயர் போடச் சொன்னது உங்கள் மண்ணுக்கு மிகச் சரி. அடிவாரத்துக் களியில் மேலே ஒரு முழம் சேறு இருந்தாலும் அடியில் கெட்டித்தரை இருக்கும். ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி அந்தத் தரையைப் பிடித்துவிடும். அகல டயர் சேற்றின்மேல் மிதந்து வழுக்கும். எங்கள் தேரிக்காட்டுச் செம்மணலில் இதற்கு நேர் எதிர். மணலுக்கு அடியில் மணல்தான். அறுத்துக்கொண்டு இறங்கினால் ஆக்சில் வரை புதைய வேண்டியதுதான். அதனால் நாங்கள் அகல டயர் போட்டு, 30 பவுண்டு காற்றை 16, 18 வரை இறக்கிவிடுவோம். டயர் தரையில் பரந்து உட்கார்ந்து, ஒட்டகத்தின் பாதம்போல மிதந்து போகும். ஊர்க்காரர்கள் அகல டயர் போட்டிருக்கிறார்கள் என்று நீங்களும் போட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். காற்றை இறக்கினால் திரும்ப ஏற்ற மறக்கக் கூடாது. ஒருமுறை சோம்பலில் அப்படியே தார்ச்சாலைக்கு வந்து, உவரி போகும் வழியில் ஒரு வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிட்டது. தவறு முழுவதும் என்னுடையது. உடைமுள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆற்றோரத்து ஊர்களுக்குப் பாலும் ரொட்டியும் கொண்டுபோனேன். என் வண்டியோடு வந்த இன்னொருவரின் பழைய 540, முட்டளவுக்குமேல் நின்ற தண்ணீரில் என்னைவிடத் தைரியமாக இறங்கியது. இறங்குமுன் அவர் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். விசிறி சுற்றினால் தண்ணீரை எஞ்சின் முழுவதும் வாரி இறைக்கும், காற்று உறிஞ்சும் வாய்க்குள்ளும் போகக்கூடும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது. பிஸ்டன் கம்பிதான் வளையும். நாலைந்து நாள் கழித்து இரண்டு வண்டிகளிலும் ஆக்சில் ஆயிலை இறக்கிப் பார்த்தபோது பால் கலந்த காப்பிபோல் வந்தது. தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு கியர் பாக்ஸ், இரண்டு ஹவுசிங் மூன்றிலும் ஆயில் மாற்றாமல் விட்டால், நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பேரிங் துருப்பிடித்துவிடும். ஓடையை மழைக்காலம் முழுவதும் கடக்கப் போகிற உங்களுக்கு இது மிகவும் முக்கியம்.

பாளை வாசகன் எழுதியது:

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டதால், காகிதத்தைப் பற்றியும் மைத்துனரின் யோசனையைப் பற்றியும் எழுதுகிறேன்.

1992ஆம் ஆண்டு வண்டி என்றால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை முதலில் பாருங்கள். 15 ஆண்டு முடிந்த சொந்த உபயோக வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக்கினார்கள், இவ்வளவு பழைய வண்டிகளுக்கு அதன்பிறகும் உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தடவி எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. வெட்டி ஒட்டிய பாடியும் பெருத்த டயரும் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். பதிவு புதுப்பிக்கப் போகும் அன்று நன்றாக இருக்காது. ராணுவ வண்டி என்று சொல்கிறவரிடம், ராணுவம் ஏலத்தில் விட்டதற்கான தாளைக் கேளுங்கள். அந்தத் தாள் இல்லையென்றால் பச்சை வண்ணத்துக்குத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

புதிய தாரைப் பொறுத்தவரை, 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை, பழையதோடு ஒப்பிட முடியாத வேறு வண்டி. 2.2 லிட்டர் டீசலில் 130 குதிரைத்திறன், பெட்ரோலில் 150. 650 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் பெற்றது. குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்வருவதற்கும் அது உதவும். பழைய ஜீப்பில் காற்றுப்பை கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசலோடு வந்த விலை குறைந்த தாருக்குப் பின்சக்கர இழுவை மட்டுமே உண்டு. தோற்றம் ஒன்றாக இருப்பதால், ஃபோர் வீல் என்று எண்ணி வாங்கிவிட்டுப் பிறகு வருந்தியவர் ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் களிக்கு அது உதவாது. உதவக்கூடியதை வாங்கினால் விலை அதற்கு மேலே போகும். 2 கிலோமீட்டர் தடத்துக்காக நாலரை ஏக்கர் வாழை அந்தத் தவணையைத் தாங்குமா என்பது மைத்துனர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வாழை ஒரே காற்றில் சாய்கிற பயிர். தவணை எந்தக் காற்றுக்கும் சாயாது.

பூர்வீகம் பற்றி ஒரு சிறு சேர்க்கை. சிஜே-3பி வம்சத்தில் வந்த ரோக்சர் என்ற வண்டியை மஹிந்திரா 2018இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபோது, அப்போது ஜீப் என்ற பெயருக்கு உரிமை கொண்டிருந்த ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம், முகத்தோற்றம் தங்களுடையது என்று அங்குள்ள பன்னாட்டு வணிக ஆணையத்தில் வழக்குத் தொடர்ந்தது. முதலில் வந்த தோற்றத்துக்குத் தடை விழுந்தது. முகத்தை மாற்றியபின் 2020இல் அனுமதி கிடைத்தது. இடையில் வில்லீஸ் கைசருக்கும், பிறகு அமெரிக்கன் மோட்டார்ஸுக்கும், 1987இல் கிரைஸ்லருக்கும் கைமாறிப் போயிருந்தது. வில்லீஸிடமிருந்து நேரடியாக உரிமம் வாங்கிப் பல பத்தாண்டுகளாக ஜீப் செய்துவந்தவர்களை, மூன்று கை மாறி வாங்கியவர்கள் வழக்குக்கு இழுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது. உங்கள் தரகர் அந்த ஆணையத்தில் சாட்சி சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம்பியாற்றங்கரை எழுதியது:

அண்ணாச்சிமாருக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை, களக்காட்டு மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.

கிரில்லில் 7 பிளவுகள். எஞ்சின் பெஜோ டீசல்தான், எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது. ஆயில் மூடியில் புகை இல்லை, காலையில் ஒரே தொடக்கத்தில் பிடித்தது. கதவுப்பக்கத்தில் பச்சையைச் சுரண்டினால் வெள்ளை வருகிறது, அதற்கடியில் நீலம் வருகிறது. ராணுவத்தில் நீல வண்டி ஓடியதா என்று கேட்டபோது தரகர் டீ குடிக்கப் போய்விட்டார். கிங் பின் பேரிங் இரண்டு பக்கமும் ஆடுகிறது. இதையெல்லாம்விடப் பெரிய செய்தி: லீவர் இரண்டும் இருக்கின்றன, முன் ஹவுசிங்கும் இருக்கிறது, ஆனால் முன் புரொபெல்லர் ஷாஃப்டே இல்லை. மைலேஜ் கூடும் என்று முந்தைய உரிமையாளர் கழற்றி வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். விலையை 2,60,000 ரூபாய்க்கு இறக்கிவிட்டார்கள். சேசிஸில் துரு இல்லை. வாங்கலாமா, விட்டுவிடலாமா?

சேரன்மகாதேவிப் பட்டறை எழுதியது:

நல்ல எஞ்சினும் துருவில்லாத சேசிஸும் எண் பொருந்திய காகிதமும் ஒரே வண்டியில் கிடைப்பது அரிது தம்பி. உடனே விட்டுவிட வேண்டாம். ஷாஃப்ட் கழற்றியது மைலேஜுக்காகவா, உள்ளே பல் உடைந்ததை மறைக்கவா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கத்தின் இரண்டு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்குங்கள். சக்கர நடுவில் லாக் இருந்தால் அதைப் பூட்டிக்கொண்டு, ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றதைக் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் மாட்டும் ஃபிளாஞ்ச் சீராகச் சுற்ற வேண்டும். இடையில் கடக் என்று துள்ளினால் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரௌன் பல்சக்கரத்தின் பல் போயிருக்கிறது. ஹவுசிங்கின் ஆயில் போல்ட்டைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், இரும்புத்தூள் மின்னினால் வேண்டாம். பிறகு அந்த ஷாஃப்டைக் கண்ணால் பார்த்து, உங்கள் முன்னிலையிலேயே மாட்டி, உழுத மண்ணில் நான்கு சக்கரத்தையும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பணம் அதற்குப் பிறகு.

நம்பியாற்றங்கரை எழுதியது:

ஃபிளாஞ்ச் துள்ளாமல் சுற்றியது. துணியில் பழைய கறுப்பு ஆயிலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஷாஃப்ட் முந்தைய உரிமையாளர் வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால் இருந்தது. மாட்டி, அறுவடை முடிந்து தண்ணீர் பாய்ச்சியிருந்த ஒரு வயலில் ஓட்டிக் காட்டினார்கள். அகல டயரோடு வழுக்கிக்கொண்டே என்றாலும் வெளியே வந்துவிட்டது. 2,45,000 ரூபாய்க்கு முடித்து, பெயர் மாற்றும் வரை 20,000 ரூபாயை நிறுத்திவைத்திருக்கிறேன். மைத்துனர் இன்னும் பேசவில்லை.

அண்ணாச்சி, கிங் பின் பேரிங் இடது பக்கம்தான் அதிகம் ஆடுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

சேரன்மகாதேவிப் பட்டறை எழுதியது:

போதாது. இரண்டு பக்கமும் மேல், கீழ் என்று நான்கு பேரிங்குகளையும் ஆயில் சீல்களோடு சேர்த்தே மாற்றுங்கள். டை ராடு முனைகளையும் விடாதீர்கள். 6.00-16 டயரை மாட்டியபிறகு வாருங்கள், சக்கர நேர்நிலையை நான் பார்த்துத் தருகிறேன். வியாழக்கிழமை பட்டறை விடுமுறை.